டொம் நீரோவின் படிக்கட்டு

வில்லியம் ஹோகார்த் 1751 பெப்ரவரியில் லண்டனில் நான்கு அச்சுப்படங்களை விற்பனைக்கு விட்டார். ‘கொடுமையின் நான்கு கட்டங்கள்’ என்பது அவற்றின் பொதுப்பெயர். முதல் படத்தில் டொம் நீரோ என்ற சிறுவன் ஒரு நாயின் குதத்தில் அம்பைச் செருகுகிறான். சுற்றியிருக்கும் தெருவே அதே வேலையில் இருக்கிறது. ஒருவன் நாயின் வாலில் எலும்பைக் கட்டுகிறான். இருவர் ஒரு பறவையின் கண்ணைச் சுடுகிறார்கள். சேவலைக் கட்டிவைத்துத் தடியெறிந்து விளையாடுகிறார்கள். இரண்டாம் படத்தில் நீரோ வளர்ந்து வாடகைக் குதிரைவண்டிக்காரனாகிவிட்டான். கால் முறிந்து விழுந்த குதிரையைச் சவுக்கின் கைப்பிடியால் அடிக்கிறான். மூன்றாவதில், தன்னால் கர்ப்பமான ஆன் கில் என்ற வேலைக்காரப் பெண்ணைக் கொன்றுவிட்டுப் பிடிபடுகிறான். நான்காவதில், தூக்கிலிடப்பட்ட அவனுடைய உடலை வைத்தியர்கள் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்குக் கீழே விழுந்த அவன் இதயத்தை ஒரு நாய் தின்கிறது.

விலங்கைத் துன்புறுத்துகிறவன் நாளை மனிதரையும் துன்புறுத்துவான் என்ற எண்ணத்துக்கு இவ்வளவு தெளிவான வடிவம் அதற்கு முன் கிடைத்ததில்லை. இன்று குற்றவியல் பாடப்புத்தகமும் தொலைக்காட்சித் துப்பறியும் தொடரும் அதையே திரும்பச் சொல்கின்றன. ஒரு கொலைகாரன் பிடிபட்டால், சின்ன வயதில் அவன் பூனை நாய்களை வதைத்தானா என்று நிருபர் அயல்வீட்டாரிடம் விசாரிக்கிறார். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் உண்மை, எதைக் காட்டுகிறது, எதைப் பார்க்கவிடாமல் செய்கிறது என்பதை ஹோகார்த்தின் படங்களையும் சில நாவல்களையும் கொண்டு யோசித்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்குக்குச் செய்யும் கொடுமைக்கும் மனிதருக்குச் செய்யும் கொடுமைக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் அந்தத் தொடர்புக்குப் படிக்கட்டின் வடிவம் இல்லை.

படிக்கட்டை ஹோகார்த் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜோன் லொக் 1693இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், சிறுவர்கள் பறவைகளையும் பூச்சிகளையும் வதைப்பதைத் தடுக்கவேண்டும், அந்தப் பழக்கம் மனிதர்மீதும் அவர்கள் மனத்தை இறுக்கிவிடும் என்று எழுதியிருந்தார். பிறகு இமானுவேல் கான்ட் தன் அறவியல் விரிவுரைகளில் ஹோகார்த்தின் படங்களையே எடுத்துக்காட்டினார். விலங்குக்கு நாம் நேரடியாக எந்தக் கடமையும் பட்டிருக்கவில்லை என்பது கான்டின் வாதம். விலங்கிடம் கொடுமை காட்டுகிறவன் தன்னிடமுள்ள மனிதத்தன்மையைக் கெடுத்துக்கொள்கிறான், அது கெட்டால் மனிதருக்கு ஆபத்து, ஆகவே நாயிடம் அன்பு காட்டுவது மனிதகுலத்துக்குச் செய்யும் மறைமுகக் கடமை. இந்த வாதத்தில் நாய் ஒரு பயிற்சிக்கூடம். நாய்க்கு வலிப்பது அந்த வாதத்துக்கு அவசியமே இல்லை.

அந்த விரிவுரைகள் மாணவர்கள் எடுத்த குறிப்புகளின் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. அக்குறிப்புகளின்படி, ஹோகார்த்தின் கொடுமைக்காரன் இரண்டாம் கட்டத்தில் ஒரு குழந்தைமீது வண்டியை ஏற்றிவிடுகிறான். படத்தை எடுத்துப் பார்த்தால் குழந்தைமீது ஏறுவது நீரோவின் வண்டி இல்லை. பீப்பாய் ஏற்றிய வேறொரு வண்டி அது. அதன் சாரதி இருந்தபடியே தூங்குகிறான். தவறு கான்டுடையதோ மாணவருடையதோ, எப்படி இருந்தாலும் அது தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. படிக்கட்டின் வழியே பார்க்கிற கண்ணுக்கு ஒரு தெருவில் பலர் செய்யும் காரியங்கள் ஒருவன் செய்த காரியங்களாகத் தெரிகின்றன. தெரு மறைந்துவிடுகிறது. நீரோ மட்டும் மிஞ்சுகிறான்.

ஆனால் ஹோகார்த் தெருவை மறைக்கவில்லை. அவருடைய பாடத்தைவிட அவருடைய படம் அதிகம் சொல்கிறது. இரண்டாம் படத்தில் குதிரை ஏன் விழுந்தது? வாடகையைப் பங்கிட்டு மிச்சம்பிடிப்பதற்காக, பொய்முடி வைத்த நான்கு கொழுத்த வழக்கறிஞர்கள் ஒரே வண்டியில் நெருக்கியடித்து ஏறியிருக்கிறார்கள். வண்டி குடைசாய்கிறது. குதிரையின் காலை முறித்ததில் அவர்களுடைய கஞ்சத்தனத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அவர்கள் கையில் சவுக்கு இல்லை. ஓரமாக நிற்கும் ஒரு நல்ல மனிதர் நீரோவின் வண்டி இலக்கத்தைக் குறித்துக்கொள்கிறார். வழக்கறிஞர்களின் பெயரை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

முதல் படத்தில் நீரோவின் சட்டையில் தைத்திருக்கும் அடையாளமும் கவனிக்கவேண்டியது. செயின்ட் கைல்ஸ் பங்கின் தர்மத்தில் வளரும் அநாதைச் சிறுவன் என்பதை அது ஊருக்குச் சொல்கிறது. அவனைத் தடுத்து, நாயை விட்டுவிடு என்று கெஞ்சித் தன் பலகாரத்தைக் கொடுக்க வரும் சிறுவனோ நன்றாக உடுத்த பணக்காரப் பிள்ளை. இரக்கம் பணக்காரப் பிள்ளையிடமும் கொடுமை அநாதையிடமும் இருக்கிறது. இந்தப் பங்கீட்டை ஹோகார்த் யோசித்தே செய்திருக்கவேண்டும். ஏழைகள் வாங்கிச் சுவரில் ஒட்டவேண்டும் என்பதற்காக மலிவான மரச்செதுக்குப் பதிப்புகளையும் ஜோன் பெல்லைக் கொண்டு செய்விக்க முயன்றார். கடைசி இரண்டு படங்களுக்கு மட்டுமே அது முடிந்தது. வழக்கறிஞர்கள் பார்த்துத் திருந்தவேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

நான்காவது படம்தான் படிக்கட்டையே உடைக்கிறது. நீதிபதியைப்போல உயர்ந்த ஆசனத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். கீழே மூன்று பேர் நீரோவின் கண்ணையும் குடலையும் பாதத்தையும் அறுத்துத் தோண்டுகிறார்கள். ஒரு கொப்பரையில் மண்டையோடுகளும் எலும்புகளும் வேகின்றன. அவர்களுடைய முகங்களில் முதல் படத்துச் சிறுவர்களின் அதே மும்முரம். 1752இல் நடைமுறைக்கு வந்த கொலைச் சட்டம், கொலைக்குற்றவாளியின் உடலை அடக்கம் செய்ய விடாமல் அறுப்பதைத் தண்டனையின் பகுதியாகவே ஆக்கியது. படத்துக்கு ஹோகார்த் வைத்த பெயர் ‘கொடுமையின் வெகுமதி’. அந்த அறையில் நடப்பதும் கொடுமை என்று அவர் நினைத்தாரா, நியாயம் என்று நினைத்தாரா என்பதைப் படம் முடிவுசெய்யவில்லை. பார்க்கிறவர் முடிவுசெய்யவேண்டியிருக்கிறது.

படிக்கட்டு வாதம் பயன்படவில்லை என்று சொல்லமுடியாது. விலங்குக்கு வலிக்கிறதா என்பதே கேள்வி என்று ஜெரமி பெந்தம் 1789இல் வெளிவந்த நூலின் ஓர் அடிக்குறிப்பில் எழுதியிருந்தார். அந்த வாதம் மட்டும் பாராளுமன்றத்தை அசைத்திருக்காது. விலங்கைக் காப்பது ஏழைகளின் ஒழுக்கத்தைத் திருத்தும், அதனால் ஊர் அமைதியாக இருக்கும் என்ற வாதமும் கூடவே தேவைப்பட்டது. 1822இல் மாடு, குதிரை, செம்மறி முதலியவற்றை வதைப்பதற்கு எதிரான சட்டம் வந்தது. 1824இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் லண்டனில் தொடங்கியது. 1835இல் காளைமீது நாய்களை ஏவும் விளையாட்டும் சேவற்சண்டையும் தடைசெய்யப்பட்டன. ஆனால் கனவான்கள் குதிரையேறி வேட்டைநாய்களைக் கொண்டு நரியைத் துரத்திக் கிழிக்கும் விளையாட்டு இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டது 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில். இடையில் 169 வருடங்கள். படிக்கட்டில் ஏறுகிறவன் ஏழை என்று வைத்துக்கொண்டால்தான் இந்த இடைவெளி புரியும்.

இருபதாம் நூற்றாண்டில் இதே எண்ணம் மருத்துவ மொழிக்கு மாறியது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜோன் மக்டொனால்ட் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து, படுக்கையில் சிறுநீர் கழித்தல், தீ வைத்தல், விலங்குவதை ஆகிய மூன்றும் சேர்ந்தால் பிற்கால வன்முறைக்கு அறிகுறி என்ற கருத்து பரவியது. அது வருவதை முன்கூட்டிச் சொல்லும் கருவி என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 1999இல் ஆர்னல்ட் ஆர்லூக்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் விலங்குவதைக்காக வழக்குத் தொடரப்பட்ட 153 பேரை, அதே வயதும் பாலினமும் கொண்ட 153 அயலவர்களோடு ஒப்பிட்டார்கள். விலங்குவதை செய்தவர்கள் வன்முறைக் குற்றம் செய்திருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆக, தொடர்பு உண்டு. ஆனால் எது முதலில் நடந்தது என்று பார்த்தபோது, விலங்குவதை முன்னால் வந்ததைப்போலவே பின்னாலும் வந்திருந்தது. சொத்துக் குற்றங்களும் போதைப்பொருள் குற்றங்களும்கூட அவர்களிடம் அதிகமாக இருந்தன. நாயிலிருந்து மனிதனுக்கு ஏறிப்போகும் ஒழுங்கு எதுவும் அங்கே இல்லை.

ஒழுங்கு இல்லையென்றால் இரண்டையும் பிணைப்பது எது? இதற்குப் புள்ளிவிவரத்தைவிட நாவல் நல்ல பதில் தருகிறது.

1866இல் வெளிவந்த ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில், கொலை செய்வதற்கு முந்தைய நாள் ரஸ்கொல்னிகோவ் ஒரு கனவு காண்கிறான். கனவில் அவன் ஏழு வயதுப் பிள்ளை. தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். குடித்துவிட்டு வரும் மிகோல்கா என்ற குடியானவன், ஒரு கிழட்டுக் குதிரை பூட்டிய பெரிய வண்டியில் ஆட்களை ஏற்றி, இழுக்கமாட்டாத குதிரையை அடித்தே கொல்கிறான். யாராவது தடுத்தால் அவன் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: இது என் சொத்து. பிள்ளை ஓடிப்போய்ச் செத்த குதிரையின் முகத்தை முத்தமிடுகிறது. கனவு கலைந்தவுடன் ரஸ்கொல்னிகோவ் தான் கோடாரியை எடுக்கப்போகிறோமா என்று நடுங்குகிறான்.

இந்தக் கனவைப் படிக்கட்டாக வாசிக்கமுடியாது. ரஸ்கொல்னிகோவ் எந்தக் குதிரையையும் அடித்ததில்லை, அழுதவன் அவன். அவ்வளவு அழுதவன் மறுநாள் இரண்டு பெண்களைக் கொல்கிறான். விலங்குக்காக உருகுவது மனிதனைக் கொல்வதற்குத் தடையாக இருக்கவில்லை. குதிரையையும் கிழவியையும் பிணைப்பது மிகோல்காவின் அந்த ஒரே நியாயம். ஓர் உயிர் தன் கைக்குள் வந்துவிட்டது, அதை என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை, கேட்பதற்கு எவருக்கும் உரிமையும் இல்லை என்ற நினைப்பு அது. ரஸ்கொல்னிகோவ் அதையே படித்தவனின் மொழியில் ஒரு கோட்பாடாக ஆக்கிக்கொண்டான். தெருவில் வேடிக்கை பார்த்த கூட்டம் மிகோல்காவுக்கு அளித்த அனுமதியை அவன் தனக்குத் தானே அளித்துக்கொண்டான்.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் இந்த நியாயத்தை அப்படியே காணலாம். ஃபிராங்க் அசியோன் 1998இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பெண்கள் காப்பகம் ஒன்றில் தங்கியிருந்த 38 பேரிடம் நடத்தப்பட்டது. சிறிய எண்ணிக்கைதான். அவர்களில் செல்லப்பிராணி வளர்த்தவர்களில் 71 வீதத்தினர், தம் துணைவர் அந்தப் பிராணியைத் துன்புறுத்தினார், கொன்றார் அல்லது அப்படிச் செய்வதாக மிரட்டினார் என்று சொன்னார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளும் இதே போக்கைக் கண்டன. இங்கே நாய் பயிற்சிக்கான பொருளாக இல்லை. அந்த ஆண் ஏற்கெனவே மனைவியை அடிக்கிறவன். நாயை உதைப்பது அவளுக்குச் சொல்லும் செய்தி: நீ போனால் இதற்கு என்ன நடக்கும் என்று பார். பல பெண்கள் அந்தப் பிராணியை விட்டுப்போக மனமில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறத் தாமதிக்கிறார்கள். காப்பகங்கள் செல்லப்பிராணிகளையும் ஏற்பதற்கு நிதி ஒதுக்கும் சட்டத்தை அமெரிக்கா 2018இல் நிறைவேற்றியது இதனால்தான்.

அரசும் இப்படிச் செய்தி அனுப்பும். ஜெர்மனியின் நாஜி அரசு 1933 நவம்பரில் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அன்றைய ஐரோப்பாவில் அது மிக முன்னேறிய சட்டங்களில் ஒன்று. ஒன்பது வருடங்களுக்குப் பின் அதே அரசு யூதர்கள் செல்லப்பிராணி வைத்திருக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மொழியியல் பேராசிரியர் விக்டர் கிளெம்பரரின் நாட்குறிப்பில் 1942 மே மாதப் பக்கங்களை வாசித்தவர்கள் முஷெல் என்ற பூனையை மறக்கமாட்டார்கள். பூனையை வேறொருவருக்குக் கொடுக்கவும் அனுமதியில்லை. அதை வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொல்லக் கொடுக்கிறார்கள். அந்தப் பூனையோடு நாஜிகளுக்கு எந்தப் பகையும் இல்லை. சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் குற்றம் யாருடைய மடியில் படுத்திருந்தது என்பதுதான்.

விலங்குகள்மீது அன்பு வளர்ந்தால் மனிதர்மீது வன்முறை தானாகக் குறையும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு உத்தரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2015 செப்டெம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில், மாட்டிறைச்சி வைத்திருக்கிறார் என்ற வதந்தியை நம்பி ஒரு முஸ்லிமை அவர் வீட்டிலிருந்து இழுத்துப்போட்டு அடித்துக் கொன்ற கூட்டமும் பசுவின் பெயரால்தான் வந்தது.

இது நம்மையும் தொடும் இடம். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில், கொலைக்கருவி ஏந்தியவரின் நெஞ்சையும் இன்னோர் உயிரின் உடலைச் சுவைத்தவரின் மனத்தையும் வள்ளுவர் ஒப்பிடுகிறார். இரண்டிலும் நல்லதை நினைக்க இடமில்லை என்கிறார். லொக்குக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே தமிழில் இந்தத் தொடர்பு யோசிக்கப்பட்டிருக்கிறது என்று பெருமைப்படலாம். ஆனால் சாதியுள்ள சமூகத்தில் இந்த ஒப்பீட்டுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கொல்லாமை ஓர் அறமாக இருந்ததோடு நிற்காமல், சாதிப்படியின் அளவுகோலாகவும் ஆனது. செத்த மாட்டை அப்புறப்படுத்துகிறவரையும் தோலைப் பதப்படுத்துகிறவரையும் ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் அந்தத் தோலில் செய்த பறையையும் செருப்பையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹோகார்த்தின் வழக்கறிஞர்களைப்போல அவர்களும் வண்டிக்கு உள்ளே இருந்தார்கள்.

மனுநீதிச் சோழன் கதை வேறு விதமாகப் பேசுகிறது. சிலப்பதிகாரம் குறிப்பாகச் சொல்லி, பெரியபுராணம் விரித்துரைக்கும் அந்தக் கதையில் பசு ஆராய்ச்சிமணியை அடிக்கிறது. அதாவது பசு வழக்காடுகிறது. இளவரசன் தேர்க்காலில் கன்று இறந்தது நாளை அவன் குடிமக்களை நசுக்குவான் என்பதற்கான அறிகுறியாகச் சொல்லப்படவில்லை. கன்று இறந்ததே வழக்கு. கான்டின் வாதத்தில் இடம் கிடைக்காத ஒன்று, அந்தப் பசுவின் துயரம், இங்கே அரசவைக்குள் வந்து நிற்கிறது. ஆனால் அரசன் தரும் தீர்ப்பு மகனையும் தேர்க்காலில் இட்டுக் கொல்வது. புராணத்தில் சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். அவர் வராவிட்டால் மிஞ்சுவது ஹோகார்த்தின் நான்காவது படம். கொடுமைக்கு நீதியாக நாம் கற்பனை செய்வது பெரும்பாலும் இன்னொரு கொடுமைதான் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

நம் வாசிப்பிலும் கான்டின் பழக்கம் ஊறியிருக்கிறது. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ 2016இல் வெளிவந்தபோது, ‘மாதொருபாகன்’ சர்ச்சைக்குப் பின் எழுதப்பட்ட நாவல் என்பதால் அதை முழுக்க உருவகமாகவே பலர் வாசித்தார்கள். ஆட்டின் காதில் துளையிட்டு அடையாளம் பூட்டும் அரசு எந்த அரசு, ஆடு எந்த மனிதன் என்று அவிழ்ப்பதே விமர்சனமானது. அகதி அட்டையும் விரல்ரேகையும் பழகிய நமக்கு அந்த வாசிப்பு இன்னும் எளிது. அது தவறான வாசிப்பும் இல்லை. ஆனால் காதில் துளையிடும்போது ஆட்டுக்கு வலிக்கிறது. குட்டியைப் பிரிக்கும்போது தாய் ஆடு கத்துகிறது. மேய்ச்சலும் பசியும் ஈனுவதும் அந்த நாவலில் அவ்வளவு நுணுக்கமாக இருப்பது வேறெதற்கோ அடையாளமாக மட்டும் இருக்கமுடியாது. ஆடு உடனே மனிதனாக மாற்றப்பட்டுவிட்டால் அது இரண்டாம் தடவை காணாமற்போகிறது.

தொழிலாக நடக்கும் கொலையைப் பற்றியும் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்கமுடியாது. 2009இல் ஏமி ஃபிட்ஸ்ஜெரால்டும் சக ஆய்வாளர்களும், 1994 முதல் 2002 வரை அமெரிக்காவின் 581 மாவட்டங்களின் தரவுகளைப் பார்த்து, இறைச்சி ஆலைகளில் வேலைவாய்ப்பு கூடும் இடங்களில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகளும் கூடுகின்றன என்று கண்டார்கள். அதே அளவு கடினமும் ஆபத்தும் உள்ள வேறு தொழிற்சாலைகளில் அந்த விளைவு தெரியவில்லை. இந்த முடிவைப் படிக்கட்டாக வாசித்தால், கத்தி பிடிக்கிறவன் ஆபத்தானவன் என்று ஆகிவிடும். அங்கே கத்தி பிடிப்பவர்கள் யார்? 1906இல் அப்டன் சின்கிளேர் ‘தி ஜங்கிள்’ நாவலை நூலாக வெளியிட்டபோது சிக்காகோவின் ஆலையில் நின்றவன் லித்துவேனியாவிலிருந்து வந்த குடியேறி. நாவலை வாசித்த அமெரிக்கா அந்த ஆண்டே இறைச்சியின் சுத்தத்துக்குச் சட்டம் இயற்றியது. தொழிலாளியின் நிலையை மாற்றச் சட்டம் வரவில்லை. இன்றும் அந்த வரிசையில் நிற்பவர்களில் பெரும்பகுதி குடியேறிகளும் அகதிகளும். குயின்ஸ்லாந்தின் பிலோயீலா என்ற சிற்றூரின் பெயரை உலகத் தமிழர்கள் அறிந்ததே, அங்குள்ள இறைச்சி ஆலையில் வேலை பார்த்த ஓர் ஈழத்தமிழ் அகதியின் குடும்பத்தை அரசு பிடித்துக்கொண்டு போனபோதுதான். சாப்பிடுகிறவர் வேறு, கொல்கிறவர் வேறு என்று வேலையைப் பிரித்துவிட்டு, கொல்கிறவரின் மனம் மரத்துப்போனதை ஆய்வு செய்வதில் ஒரு வசதி இருக்கிறது.

ஜே.எம். கூட்ஸியின் ‘டிஸ்கிரேஸ்’ 1999இல் வெளிவந்தது. புக்கர் பரிசு பெற்ற இந்த நாவல், படிக்கட்டு வாதத்துக்கு நான் அறிந்தவரையில் மிகக் கடினமான பதில். கேப் டவுனில் பேராசிரியராக இருக்கும் டேவிட் லூரி, மெலனி என்ற மாணவியைத் தன் அதிகாரத்தைக் கொண்டு படுக்கைக்குக் கொண்டுவருகிறான். விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்; மனம் வருந்துவதாகச் சொல்ல மறுக்கிறான். வேலை போய், கிழக்குக் கேப் பகுதியில் சிறு பண்ணையும் நாய்க் காப்பகமும் நடத்தும் மகள் லூசியிடம் போகிறான். அங்கே மூவர் வீட்டுக்குள் புகுகிறார்கள். லூசியை வன்புணர்கிறார்கள், லூரிக்குத் தீ வைக்கிறார்கள், கூண்டில் இருந்த நாய்களை ஒவ்வொன்றாகச் சுடுகிறார்கள். வெள்ளையர்கள் அந்த நாட்டில் எதற்காக நாய் வளர்த்தார்கள், கறுப்பரின் வாசனைக்கே உறுமும்படி எப்படிப் பழக்கினார்கள் என்பதும் நாவலில் உண்டு. நாய் அங்கே ஆயுதமாக இருந்திருக்கிறது. அதனால்தான் அது இலக்கும் ஆகிறது. இதைச் சொல்வதால் கூட்ஸி அந்த மூவரையும் மன்னிக்கவில்லை. நாய்களின் சாவைச் சின்ன விஷயமாகவும் ஆக்கவில்லை.

பிறகு லூரி, பெவ் ஷா என்ற பெண் நடத்தும் விலங்கு மருத்துவமனையில் உதவியாளன் ஆகிறான். யாருக்கும் வேண்டாத நாய்களை ஊசிபோட்டுக் கொல்ல உதவுகிறான். பிணங்களை மருத்துவமனை எரியுலைக்குத் தானே கொண்டுபோகிறான். அங்குள்ள தொழிலாளர்கள் விறைத்த கால்களை மண்வெட்டியால் அடித்து முறித்து உலைக்குள் தள்ளுவதைக் கண்டபின், அந்த வேலையையும் தானே எடுத்துக்கொள்கிறான். செத்த நாய்க்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. மனிதகுலத்துக்கும் இல்லை. கான்டின் கணக்கில் இது எந்தப் பத்தியிலும் விழாத செலவு.

இங்கே நாவல் முடிந்திருந்தால், பெண்ணிடம் கொடுமை செய்தவன் நாயிடம் இரக்கம் கற்றுத் திருந்தினான் என்ற தலைகீழ்ப் படிக்கட்டு நமக்குக் கிடைத்திருக்கும். பல வாசகர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள். கூட்ஸி அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாய்ப்பிணங்களை மரியாதையாக எரிக்கும் அதே லூரி, தாக்கியவர்களில் ஒருவனான பொலக்ஸ் என்ற இளைஞன் லூசி குளிப்பதை எட்டிப்பார்ப்பதைக் கண்டதும் அவனை அடிக்கிறான், உதைக்கிறான். லூசியின் நாய் அவனைக் கடித்து இழுப்பதைப் பார்த்துத் திருப்திகொள்கிறான். அந்தக் கணத்தில் நாய் மறுபடி ஆயுதமாகிறது. நாயை விலக்கி அவனுக்கு உதவப் போகிறவள் லூசி, பாதிக்கப்பட்டவள். லூரியின் இரக்கம் உண்மையானது. அது அவனை முழுக்க மாற்றிவிடவில்லை என்பதும் உண்மை.

கடைசிப் பக்கங்களில், கால் ஊனமான ஓர் இளம் நாய் லூரியோடு ஒட்டிக்கொள்கிறது. அவன் இசை மீட்டும்போது தலையைச் சாய்த்துக் கேட்கிறது. இன்னும் ஒரு வாரம் அதைக் காப்பாற்றலாம். அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய் பெவ்விடம் கொடுத்துவிடுகிறான். இந்த முடிவைப்பற்றி விமர்சகர்கள் இன்னும் உடன்படவில்லை. எனக்கு அது இப்படிப் படுகிறது: நாய் தன்னிடம் அன்பாக இருக்கிறது என்பதற்காக மற்ற நாய்களிலிருந்து அதைப் பிரித்துத் தன்னுடையதாக்கிக்கொள்ள லூரி மறுக்கிறான். மெலனியிடம் அவன் செய்தது நேரெதிர். தனக்குப் பிடித்தது என்பதாலேயே அவளைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டான். மிகோல்கா சொன்ன நியாயத்தை லூரி நாவல் முழுவதும் ஏதோவொரு வடிவத்தில் சொல்லியிருக்கிறான், இங்கே சொல்லவில்லை. அதற்காக அவனை நல்லவன் என்று எழுதிவிடமுடியாது. ஒரு நாய் செத்துப்போயிருக்கிறது. மெலனியின் வாழ்க்கையில் நடந்தது நடந்ததுதான்.

டொம் நீரோவின் படிக்கட்டு, நாளைய கொலைகாரனை இன்றே அடையாளம் காணலாம் என்ற ஆறுதலைத் தருகிறது. அவன் எப்போதும் வேறொருவன், பெரும்பாலும் ஏழை. ரஸ்கொல்னிகோவும் கிளெம்பரரின் பூனையும் லூரியும் அந்த ஆறுதலைத் தருவதில்லை. ஓர் உயிரைத் தன் உடைமை என்று கொள்ளும் அனுமதி எங்கே கிடைக்கிறது, யார் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் கேட்கவைக்கிறார்கள். அந்தக் கேள்வியை நம் வீட்டு வாசலுக்குள்ளும் கேட்கலாம். உறவினர் வீட்டு நாய் நொண்டுவதைக் கண்டால், அது பையனின் எதிர்காலத்தைப்பற்றி என்ன சொல்கிறது என்று யோசிப்பதற்கு முன் நாய்க்கு என்ன நடந்தது என்று கேட்பதும், அந்த வீட்டில் வேறு யார் நொண்டுகிறார்கள் என்று அதே மூச்சில் கேட்பதும் அவசியம். இரண்டு கேள்விகளில் ஒன்றை மற்றதற்காகக் கைவிடவேண்டியதில்லை.